விடத் தெரிந்தவன்

என் வீட்டுக்காரன் சீட்டாடித்தான் அரசாங்க வேலைக்குப் போனான். இதைச் சொன்னால் என் அம்மா காலத்து ஆட்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர்கள் காலத்தில் சீட்டாடினால் இருக்கிற வேலையும் போகுமாம். இப்போது நாடு முன்னேறிவிட்டது.

நடந்தது இதுதான். மாநிலத்தில் குமாஸ்தா வேலைக்கான தேர்வு வினாத்தாள் நாலு வருஷம் தொடர்ந்து முன்கூட்டியே வெளியானது. ஐந்தாவது வருஷம் வினாத்தாளோடு விடைக் குறிப்பும் வெளியாகி, அதில் இரண்டு விடை தப்பு என்று காசு கொடுத்து வாங்கியவர்களே வழக்குப் போட்டார்கள். அதற்குமேல் தாங்க முடியாமல், 2057இல் தீர்மானத் திறன் வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். அந்த வாரியத்தில் இருந்த ஏதோ ஒரு புண்ணியவானுக்கு ஞானம் வந்தது. கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டை எந்தக் கொம்பனாலும் முன்கூட்டியே வெளியிட முடியாது. எனவே இனிமேல் தேர்வு கிடையாது, போக்கர் போட்டிதான். பொறுமை, கணக்கு, சபலமின்மை எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். பத்தொன்பது லட்சம் பேர் விண்ணப்பம் போட்டார்கள். காலியிடம் நாலாயிரம்.

அந்தப் பத்தொன்பது லட்சத்தில் ஒருத்தன்தான் என் வெயிலுமுத்து. வயது முப்பத்தெட்டு, ஊர் விருதுநகர். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவன். வாரியத்தின் வயது வரம்பு முப்பத்தொன்பது. எனக்கு வேறொரு வரம்பு இருந்தது. என் பெயர் ஜெபசீலி, வயது முப்பத்தாறு. மதுரையில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில் எங்கள் கரு ஒன்று உறைநிலையில் இருந்தது. மூன்று இருந்தது, அரசுத் திட்டத்தில் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. மிச்சம் ஒன்று, அதற்குச் செலவு எங்களுடையது. எனக்கு முப்பத்தேழு பிறந்துவிட்டால் வைக்க மாட்டார்கள், அது விதி. வைத்தால் நிற்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பதினாலு சதவீதம் என்றார்.

வெயிலுமுத்துவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "பதினாலா! டிப்ளமோல நான் ஒன்பது மார்க்கெல்லாம் வாங்கியிருக்கேன் ஜெபா. பதினாலு தாராளம்" என்று டாக்டர் முன்னாலேயே சொன்னான். வேலை கிடைக்கட்டும், கையோடு மதுரைக்குப் போய்விடலாம் என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தோம்.

அவன் அப்படித்தான். எதையும் விடத் தெரியாது. ஓடுகிற பஸ்ஸை விடமாட்டான். ஓசியில் வருகிற சண்டையை விடமாட்டான். யாராவது ஜாமீன் கையெழுத்து கேட்டால் பேனாவை இவனே கொடுப்பான். என்னைக் காதலித்ததும் அந்த ரகம்தான். எங்கள் அப்பா சபை மூப்பர். அவன் வீட்டில் வருஷா வருஷம் கிடா வெட்டுகிறவர்கள். அவன் கையில் அப்போது ஏழு அரியர். கணக்குத் தெரிந்த எவனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். இவன் தேவாலய வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக எங்கள் அப்பாவிடமே போய்ப் பெண் கேட்டான். வாங்கிய அடியில் ஒரு பல் ஆடியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தான்.

இப்படிப்பட்ட ஆள் போக்கரில் எப்படித் தேறுவான்? போக்கரில் முதல் பாடமே விடுவதுதான். கையில் இரண்டு சீட்டு வரும், அதைத்தான் ஒரு கை என்பார்கள். பார்த்துவிட்டு, ஆடுவதா கவிழ்த்துவிடுவதா என்று சொல்ல வேண்டும். நூறு கை வந்தால், கற்றுக்குட்டி பதினைந்தைத்தான் ஆடலாம். மற்ற எண்பத்தைந்தையும் கவிழ்த்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உலகத்திலேயே சும்மா இருப்பதற்குப் பயிற்சி வகுப்பு வைத்தது நாங்கள்தான்.

டயர்க் கடை மாடியில் இருந்தது அந்த வகுப்பு. நடத்தியவர் ஞானதுரை சார். முன்னே அதே கரும்பலகையில் சிப்பாய்க் கலகம் நடத்தியவர். தேர்வு மாறியதும் ஒரே வாரத்தில் போக்கர் நிபுணராகிவிட்டார். மொத்தம் நூற்று அறுபத்தொன்பது வகைக் கைகள் உண்டு என்று வினா வங்கி அச்சடித்தார். மனப்பாடம் செய்யச் செய்யுளும் கட்டினார். "ஜோடி வந்தால் நாடி ஆடு, ராஜா ஆஸ் கூடி ஆடு, மற்றதெல்லாம் மூடிப் போடு." நாற்பது பேர் கோரஸாகச் சொல்லுவது கீழே பஞ்சர் ஒட்டுகிறவர்களுக்கும் மனப்பாடம். எந்தக் கையைக் கேட்டாலும் எங்கள் ஊர்ப் பையன்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார்கள். ஆனால் சீட்டு கையில் வந்ததும் எல்லாவற்றையும் ஆடித் தொலைத்தார்கள்.

காரணம் ரம்மி. எங்கள் ஊரில் கல்யாண மண்டபம் என்றால் மாடியில் ரம்மி இல்லாமல் தாலி ஏறாது. ரம்மியில் கை சரியில்லை என்று ஸ்கூட் விட்டாலே இருபது பாயிண்ட் தண்டம். ஆகையால் விடுவது என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிரை விடுவது மாதிரி. போக்கரில், கட்டாயப் பணயம் உன் முறைக்கு வராதபோது கவிழ்த்தால் ஒரு பைசா நஷ்டமில்லை. இதை ஞானதுரை சார் தொண்டை கிழியச் சொன்னார். யாரும் நம்பவில்லை. தண்டமில்லாமல் விட அனுமதிக்கிறான் என்றால் இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று சந்தேகப்பட்டே எல்லாரும் ஆடினார்கள், தோற்றார்கள்.

வெயிலுமுத்துவுக்கு இதோடு இன்னும் இரண்டு வியாதி. ஒன்று, இரண்டு சீட்டும் ஒரே இனமாக வந்துவிட்டால் போதும், ரெண்டும் ஏழும் ஆனாலும் விடமாட்டான். இரண்டும் கிளாவர் என்பதற்காக ஆடுவது, இரண்டு வீடும் ஒரே சாதி என்பதற்காகக் கட்டிவைப்பது மாதிரிதான், அதனால் பெரிதாக எதுவும் கூடிவிடாது என்று ஞானதுரை சார் சொல்லிப் பார்த்தார். அந்தக் கருத்தில் எங்கள் இருவருக்கும் முழு உடன்பாடு. ஆனாலும் விடமாட்டான். இரண்டாவது வியாதி ராணி. ராணி சீட்டு வந்தால் கூட மூணு இருந்தாலும் ஆடுவான். ஏன்டா என்று சார் கேட்டதற்கு, "அது எங்க வீட்டம்மா சார். கவுக்க மனசு வரல" என்றானாம். வகுப்பே சிரித்தது. என்னிடம் வந்து அதையும் பெருமையாகச் சொன்னான். நான் திட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பிடித்திருந்தது, அது வேறு விஷயம்.

மூன்றாவது தடவைக்கு நாலு மாதம் இருக்கும்போது ஞானதுரை சார் என்னை வரச் சொன்னார். மேஜை மேல் ஸ்டிக்கர் பொட்டு அளவில் ஒரு தகடு இருந்தது. பெயர் நிதானி. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். என்ன செய்யும் என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் ஆடுறதுல ஒரு கிக்கு இருக்கும்மா. தோத்தாலும் அந்தக் கிக்குக்காகத்தான் ஆடுவான். இது அந்தக் கிக்கை ஆடுறதுலருந்து எடுத்துக் கவுக்குறதுல வச்சிரும். கவுத்தான்னா மூளைக்குள்ள அல்வா சாப்பிட்ட மாதிரி இருக்கும். மூணு மாசம் ஒட்டுனா போதும்."

"கழட்டினதுக்கு அப்புறம்?"

"பழக்கம் அப்படியே நெலச்சிரும். அதானேம்மா இதுல விசேஷமே."

விசேஷம் என்ற சொல்லை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். நான்தான் வாங்கினேன். நான்தான் அவன் தலையைத் திருப்பி, முடியை ஒதுக்கி, ஒட்டியும் விட்டேன். இதில் வேறு யார் மேலும் பழி போட எனக்கு வாய் வராது.

முதல் மாதம் எனக்கு ஒரே கொண்டாட்டம். வெயிலுமுத்து தெருச்சண்டையைப் பார்த்தும் பார்க்காமல் வந்தான். ஜாமீன் கேட்டு வந்த பங்காளியிடம் காபி கொடுத்து, முடியாது என்று இரண்டே சொல்லில் அனுப்பினான். ஆடித் தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான். எந்த சாமி கண் திறந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். வீட்டில் பயிற்சிக்கு நான் சீட்டுப் போடுவேன், அவன் பார்த்துப் பார்த்துக் கவிழ்ப்பான். ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தில் ஒரு நிறைவு. ஒருநாள் ராணியும் மூணும் போட்டேன். நாலு விநாடி பார்த்தான், கவிழ்த்தான். எழுந்து வந்து, "பார்த்தியா ஜெபா, ராணியையே விட்டுட்டேன்" என்றான். நான் கைதட்டினேன்.

இரண்டாம் மாதம் அவன் படம் பார்ப்பதை விட்டான். முதல் பத்து நிமிஷம் பார்ப்பான், தேறாது என்று அணைத்துவிடுவான். மூன்றாம் மாதம் அவன் தங்கை சமாதானம் பேச வந்தாள். எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தையில்லாத தங்கை. அவள் வாசலில் நின்று அழ, இவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இது சரியாக வராது என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினான். பழைய வெயிலுமுத்துவாக இருந்தால் அவளைக் கட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்க அழுதிருப்பான். என்னோடு சண்டை போடுவதும் நின்றது. நான் குரலை உயர்த்தினால் எழுந்து போய்விடுவான். சண்டை போடாத புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். தகட்டைக் கழற்றும் நாள் வந்ததும் கழற்றினேன். எதுவும் மாறவில்லை. ஞானதுரை சார் தரமான பொருள்தான் விற்றிருந்தார்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாநிலம் முழுக்க இப்படிப் பல மண்டபம். எங்கள் மண்டபத்து இறுதிச் சுற்றில் இருநூற்று நாற்பது பேர், முப்பது இடம். கடைசியாக மிஞ்சுகிற முப்பது பேருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். முதலாவது வந்தாலும் முப்பதாவது வந்தாலும் வித்தியாசம் இல்லை. வெளியே பந்தல் போட்டுத் திரை வைத்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். எட்டு மணி நேரம். மற்றவர்கள் ஆஸும் நாலும் வந்தால்கூட ஆஸ் இருக்கிறதே என்று பாய்ந்து, ராஜா கூட வந்த ஆஸிடம் மாட்டி வெளியே வந்தார்கள். வெயிலுமுத்து மேஜையில் முதல் ஆளாக முடிவு சொல்ல வேண்டியிருந்தால் முக்கால்வாசிக் கையைத் தொடவே மாட்டான். மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சொல்லுகிற இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் தாராளம். பணயம் ஏற ஏற, வந்த ஓரிரண்டு நல்ல கையை ஆடி வயிற்றைக் கழுவிக்கொண்டான். சாயந்திரம் முப்பத்திரண்டு பேர் மிச்சம். இன்னும் இரண்டே பேர் வெளியேற வேண்டும்.

அப்போது அவனுக்கு ஆஸ் ஜோடி வந்தது. இதற்கு மேல் நல்ல கை உலகத்தில் கிடையாது. பந்தலே எழுந்து நின்றது. எதிரே ஒருத்தன் இருப்பதையெல்லாம் முன்னால் தள்ளியிருந்தான். வெயிலுமுத்து நாலு விநாடி பார்த்தான், ஆஸ் ஜோடியைக் கவிழ்த்தான்.

பந்தலில் இருந்த பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஞானதுரை சார் மட்டும் என் பக்கத்தில் கண்ணீர் விட்டார். "சரியான முடிவும்மா. இன்னும் ரெண்டு பேர் போனா வேலை. நூத்துக்கு இருபது தடவை ஆஸ் ஜோடியும் தோக்கும். எதுக்கு அந்த ரிஸ்க்கு? இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மாணவனை நான் பார்க்கல." அடுத்த அரைமணி நேரத்தில் வேறு இரண்டு பேர் போனார்கள். வெயிலுமுத்து அரசு ஊழியன் ஆனான். மாலை போட வந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டான்.

அவனைப் போட்ட வேலையின் பெயர் மனுத் தீர்மான அலுவலர். அப்போதுதான் வாரியத்தின் முழுத் திட்டமும் புரிந்தது. அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது கூலாகக் கவிழ்க்கத் தெரிந்த நாலாயிரம் பேர். மாநிலம் முழுக்க வருகிற மனுக்களில் பெயர், ஊர் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். பெயர் தெரிந்தால் சாதி தெரியும், சாதி தெரிந்தால் சிபாரிசு வரும் என்று காரணம் சொன்னார்கள். நல்ல காரணம்தான். எண், வயது, கேட்பது என்ன, அது பலன் தர எத்தனை சதவீத வாய்ப்பு, இவ்வளவுதான் திரையில் வரும். ஒரு நாளைக்கு முந்நூறு மனு. ஆடலாம், அல்லது கவிழ்க்கலாம்.

நான் இருபது வருஷமாக இ-சேவை மையத்தில் மற்றவர்களுக்கு மனு தட்டிக் கொடுக்கிறவள். நான் தட்டி அனுப்பியதெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. செவல்பட்டி இருளப்பன் ஓடைக்கு ஒரு சின்னப் பாலம் கேட்டார். மழைக்காலத்தில் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடம் போகின்றன. பதினொரு சதவீதம், நிராகரிப்பு. கணவனை இழந்த ஒரு பெண் தையல் மெஷின் கேட்டாள், கடை வைத்து நிலைக்க இருபத்திரண்டு சதவீதம், நிராகரிப்பு. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். தகுந்த சந்தர்ப்பத்தில் மீண்டும் விண்ணப்பிக்கவும். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் அலைக்கழிக்கவில்லை. முன்பு இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள ஆறு மாதம் ஆகும், இப்போது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. இருளப்பன் என்னிடம், "அந்தக் காலத்துல லஞ்சம் வாங்கினவன் நல்லவன்மா. கொடுத்தா பாலம் வரும்னு ஒரு நம்பிக்கையாவது இருந்துச்சு" என்றார். என் புருஷன் அங்கேதான் வேலை பார்க்கிறான் என்று நான் சொல்லவில்லை.

வேலை கிடைத்து ஐந்து மாதம் ஆயிற்று. என் பிறந்த நாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. மதுரைக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"பதினாலு சதவீதம் ஜெபா."

"தெரியும். நீதான தாராளம்னு சொன்ன."

"அப்ப எனக்குக் கணக்குத் தெரியாது. உனக்கு உடம்பு கெடும், பணம் போகும், அப்புறம் மூணு மாசம் அழுவ. வேணாம், விட்டுருவோம்."

கோபமே இல்லை. குரலில் அக்கறைதான் இருந்தது. சட்டைக் காலரை நீவி நீவி மடித்தான். நான் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன், அழுதேன், அவன் குலத்தையே இழுத்துத் திட்டினேன். அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன்.

மறுநாள் டயர்க் கடை மாடிக்குப் போனேன். இதைத் திருப்ப முடியுமா என்று கேட்டேன். ஞானதுரை சார் சுவரில் மாட்டியிருந்த வெற்றி பெற்றவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெயிலுமுத்து முதல் வரிசை.

"திருப்புற தகடு யாரும் செய்யல. யாரு வாங்குவா?" என்றார். படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "ஏழெட்டு வீட்டுல இருந்து வந்து கேட்டுட்டாங்கம்மா" என்றார்.

நீங்கள் இதை ஒட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் ஒட்டலம்மா. எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு."

அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. வந்து என் மையத்தில் உட்கார்ந்தேன். அரசுத் திட்டத்தில் மூன்றாவது முறைக்கும் வழி உண்டு. மனுப் போட்டு அனுமதி வாங்கினால் செலவை அவர்களே ஏற்பார்கள். கரு உறைய வைத்தபோதே கணவன் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, இப்போது என் கையெழுத்துப் போதும். மாநிலத்தில் நாலாயிரம் தீர்மான அலுவலர்கள். அதில் ஒருத்தனுக்காவது, ஒருத்திக்காவது தகடு சரியாக ஒட்டாமல் போயிருக்கக் கூடாதா? குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறேன், எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை, இதற்குமேல் கரு இல்லை என்று எழுதினேன். மனுக்களில் கெஞ்சக் கூடாது, வேலைக்காகாது என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அனுப்பிவிட்டேன். வெயிலுமுத்துவிடம் சொல்லவில்லை.

இது நடந்த வாரம், சனிக்கிழமை. அவனுக்கு அரை நாள் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே அன்றைய கணக்கைச் சொன்னான். நூற்று ஐம்பது மனு, நூற்று நாற்பத்தொன்பதைக் கவிழ்த்தாயிற்று. மேலதிகாரி பாராட்டினாராம். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இவனுடைய முடிவுகளை உதாரணம் காட்டுகிறார்களாம். இன்றைக்குக்கூட ஒரு மனுவைக் காட்டினார்களாம்.

"ஒரு பொம்பள. முப்பத்தாறு வயசு. மூணாவது தடவை கரு வைக்கணுமாம், ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம், பதினாலு சதவீதம். புதுசா வந்த பையன் ஆடலாமான்னு யோசிச்சுட்டு இருந்தான். நான்தான் நாலு விநாடியில கவுத்துட்டேன்."

செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். குறிப்பில் அந்தப் பெண் ஏதாவது எழுதியிருந்தாளா என்று கேட்டேன்.

"எழுதியிருந்துச்சு. அதெல்லாம் படிக்கக் கூடாது. படிச்சா மனசு எளகும்."

"வெயிலு, அது நான்."

அவன் கை சோற்றில் நின்றது. என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நாலு விநாடி தாண்டியது. பத்து ஆயிற்று. எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. கர்த்தரே, இவன் இப்போது சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அழப்போகிறான், ஆபீஸுக்கு ஓடப்போகிறான், மேலதிகாரி சட்டையைப் பிடிக்கப்போகிறான் என்று நம்பினேன். என் மடத்தனத்துக்கு அளவே இல்லை.

"நீன்னு தெரியாது ஜெபா" என்றான்.

"தெரிஞ்சிருந்தா?"

அதையும் நேர்மையாக யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு எப்போதுமே வராது.

"தெரிஞ்சிருந்தாலும் கவுத்திருப்பேன். கை அப்படி. உன்மேல கோவமெல்லாம் இல்ல" என்றான். பிறகு என் தட்டில் சோறு குறைவாக இருக்கிறது என்று ஒரு கரண்டி எடுத்து வைத்தான்.

நான் அழவில்லை. அழுதால் எழுந்து மாடிக்குப் போய்விடுவான் என்று தெரியும். பதினாலு சதவீதம் என்றால் ஏழு பேரில் ஒருத்திக்கு நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஒருத்தி எங்கேயோ பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டுதான் இருப்பாள். அவள் வீட்டில் கணக்குத் தெரியாத எவனோ ஒருத்தன் இருந்திருப்பான். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"இதை வித்துட்டுத் திங்கக்கிழமை காலையில மதுரைக்குப் போறேன். நின்னாலும் சரி, நிக்காட்டியும் சரி. ஒத்தையா படுத்துக் கெடக்க எனக்குப் பயமா இருக்கு வெயிலு. நீ என்கூட வர்றியா?"

அவன் சங்கிலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. உதடு லேசாக அசைந்தது. எத்தனை சதவீதம் என்று கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டி முடிக்கும்வரை நான் அங்கே நிற்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, பரணில் இருந்த பையை இறக்கப் போனேன்.